குமுளியில் வாங்கிய ஏலக்காய் தண்ணீரைப் பச்சையாக்குகிறது, மருந்தா?

கேள்வி: கோவையிலிருந்து, 9 ஜூன் 2024

போன வாரம் தேக்கடி போய்விட்டு வரும்போது கால் கிலோ ஏலக்காய் வாங்கினோம். நல்ல பச்சை, நல்ல பருமன். வீட்டில் தண்ணீரில் போட்டதும் தண்ணீர் பச்சையாகிவிட்டது. இதுதான் பூச்சிமருந்தா? என் மகளுக்கு இரண்டு வயது, பாலில் தினம் ஏலக்காய் தட்டிப் போடுவோம். நிறுத்திவிடவா? அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

10 ஜூன் 2024

நான் அந்தப் பக்கத்துக்காரன். கம்பத்தில் பிறந்து, கம்பம் மெட்டு வழியாக ஜீப்பில் ஏறி இறங்கி, இப்போது குமுளியில் சின்னதாக ஒரு மசாலாக் கடை வைத்திருக்கிறேன். ஏலக்காய் விற்கிறவன் ஏலக்காயைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள்.

தண்ணீர் பச்சையானால் அது சாயம். பூச்சிமருந்து தெளித்த காய் தண்ணீரை நிறம் மாற்றாது. மருந்துக்கு நிறம் தெரியும் அளவுக்கு அது காயில் இருப்பதே இல்லை. ஈரமான வெள்ளைத் துணியில் காயைத் தேய்த்துப் பாருங்கள், பச்சை அப்பினால் தூக்கிப் போடுங்கள். காய வைப்பதற்கு முன் சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் முக்கி எடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. அது காயின் சொந்தப் பச்சையைப் பிடித்து வைக்க. அது வேறு, சாயம் வேறு.

மருந்து இருக்குமா என்று கேட்டால், இருக்கும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது.

11 ஜூன் 2024

"இருக்கும்" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் எட்டுப் பேர் திட்டியிருக்கிறார்கள். சரி, கணக்கு போடுவோம்.

குளோர்பைரிபாஸை எடுத்துக்கொள்கிறேன், தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். காய்ந்த ஏலக்காயில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு காய் சுமார் 0.2 கிராம். இரண்டு காய் தட்டிப் போட்டால் உள்ளே போவது 0.0004 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து வைத்திருக்கும் நிபுணர் குழு, தினமும் ஆயுள் முழுக்கச் சாப்பிட்டாலும் பரவாயில்லை என்று சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 0.6. நீங்கள் குடிப்பது அதில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு.

பச்சைக் காயை நாலைந்து கிலோ போட்டால்தான் காய்ந்த காய் ஒரு கிலோ கிடைக்கும், அப்போது மருந்தும் சுண்டிச் சேருமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. சேரும். ஆனால் நான் போட்ட கணக்கே காய்ந்த காய்க்குத்தான்.

11 ஜூன், ராத்திரி

இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கேட்டால் 60 கிலோ ஆளுக்குக் கணக்கு சொல்லியிருக்கிறேன். பிள்ளை 12 கிலோ என்றால் அளவு 0.12 மில்லிகிராம், பங்கு முந்நூறில் ஒன்று. இன்னமும் சின்ன எண்தான். ஆனால் 1500 வேறு, 300 வேறு.

15 ஜூன் 2024

யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அதே மருந்து, டப்பாவில் வரும்போது 20 சதவீதம். அதாவது ஒரு மில்லியில் சுமார் 200 மில்லிகிராம். மூடியைத் திருகும்போது ஒரு மில்லி தொடையில் தெறிக்கிறது என்று வையுங்கள். தோல் வழியாக நூற்றில் ஒரு பங்கு உள்ளே போனால் 2 மில்லிகிராம். உங்கள் ஏலக்காய்ப் பாலில் ஐயாயிரம் தம்ளர்.

எனக்குத் தெறித்தது ஒரு மில்லி இல்லை.

2008, ஆகஸ்ட். இருபது வயது. வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் மாமாவோடு மருந்தடிக்கப் போனேன். இருநூறு லிட்டர் டிரம், மோட்டார், நீள ஓஸ். ஓஸ் இழுக்க ஒருத்தன், அடிக்க ஒருத்தன், கலக்க ஒருத்தன். கலக்குகிற வேலை என்னுடையது. ஈரக்கையில் டப்பா வழுக்கி மடியில் கவிழ்ந்தது. கைலி தொப்பலாக நனைந்தது. ஓடையில் ஒரு கை தண்ணீர் அள்ளி ஊற்றிவிட்டு அதே கைலியோடு வேலையைப் பார்த்தேன். டிரம் கணக்குக்குக் கூலி, நின்றால் மாமாவுக்கும் சேர்த்து நஷ்டம்.

பதினொரு மணிக்கு வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. பசி என்று நினைத்தேன். அப்புறம் வியர்வை. ஏலக்காட்டுக்குள் ஆகஸ்டில் வியர்க்காது, குளிர் எலும்பைத் தொடும். கொஞ்ச நேரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. மேகம் என்று அண்ணாந்து பார்த்தேன். மேகம் இல்லை. என் கண் பாவை ஊசிமுனையாகச் சுருங்கி வெளிச்சத்தை உள்ளே விடாமல் நிறுத்தியிருந்தது. பட்டப்பகலில் எனக்கு மட்டும் அந்தி. தொடைச் சதை தானாகத் துடித்தது, தோலுக்குள் பல்லி ஓடுகிற மாதிரி.

மாமா ஜீப்பில் தூக்கிப் போட்டு மலை இறக்கினார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வாந்தி. ஆஸ்பத்திரியில் "என்ன மருந்து?" என்று கேட்டார்கள். "ஏல மருந்து" என்றார் மாமா. அவர் படித்த படிப்புக்கு அவ்வளவுதான். டப்பா தோட்டத்தில் கிடந்தது. அதை எடுத்து வர இன்னொரு ஜீப் மேலே போயிற்று.

இதை எழுதும்போதே கை கொஞ்சம் ஈரமாகிறது. மருந்தால் இல்லை, நினைப்பால்.

16 ஜூன் 2024

என்ன ஊசி போட்டார்கள் என்று மருந்துக் கடை வைத்திருக்கும் தம்பி கேட்கிறார். அட்ரோபின். மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். எச்சில் நின்றது, நாக்கு காய்ந்து அட்டையாகிவிட்டது, கண் பாவை அகன்றது, புத்தி கழன்றது. நர்ஸம்மாவை மேஸ்திரி என்று நினைத்து மூன்று நாள் சம்பள பாக்கி கேட்டேனாம். போர்வையில் எறும்பு பொறுக்கினேனாம். இன்று வரை கல்யாண வீடுகளில் இந்தக் கதை ஓடுகிறது.

அப்பத்தா பார்த்துவிட்டு, "ஊமத்தங்காய் தின்னவன் மாதிரி இருக்கான்டா" என்றார். பள்ளிக்கூடம் போகாத கிழவி. சரியாகச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது: ஊமத்தையில் இருக்கும் சத்து அட்ரோபினுக்குக் கூடப் பிறந்தது.

உடனே ஊமத்தங்காயைத் தேடி ஓடாதீர்கள். டாக்டர் ஊசியில் ஏற்றுவது அளந்த அளவு, காய் எதையும் அளந்து தராது.

23 ஜூன் 2024

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு டீச்சரம்மா விளக்கமாகக் கேட்டிருக்கிறார், வகுப்பில் சொல்ல வேண்டுமாம். எனக்குப் புரிந்த வழியில் சொல்கிறேன்.

சதையை இழுக்கச் சொல்லவும் எச்சில் சுரக்கச் சொல்லவும் நரம்பு ஒரு பொருளைக் கொட்டுகிறது, அசிட்டைல்கோலின். சொன்ன வேலை முடிந்ததும் அதைக் கூட்டி அள்ள ஒரு நொதி இருக்கிறது, கோலினெஸ்டரேஸ். சந்தை கலைந்த தெருவைப் பெருக்குகிற ஆள் மாதிரி. குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், மானோகுரோட்டோபாஸ், ஃபியூரடான் எல்லாம் போய் ஒட்டுவது இந்த ஆளின் கையில். துடைப்பம் விழுந்துவிட்டால் தெருவில் குப்பை மலைபோல் சேர்கிறது. நரம்பு ஒரு தடவை சொன்னதை உடம்பு நூறு தடவை கேட்கிறது. எச்சில், கண்ணீர், வியர்வை, வாந்தி, பேதி, துடிப்பு, கடைசியில் மூச்சு.

அட்ரோபின் துடைப்பத்தை எடுத்துத் தராது. கேட்கிறவன் காதைப் பொத்தும், அவ்வளவுதான். அதுவும் எச்சில், நுரையீரல், இதயம் இருக்கிற பக்கத்துக் காதை மட்டும். சதை பலவீனத்துக்கு அதனால் ஆகாது. கையை விடுவிக்கப் பார்ப்பது பிராலிடாக்சைம் என்ற இன்னொரு ஊசி, அதைச் சீக்கிரம் போட வேண்டும். நாளானால் பிடி இறுகிவிடும்.

இன்னொன்று. குளோர்பைரிபாஸ் டப்பாவில் இருக்கும்போது முழு விஷம் இல்லை. உள்ளே போன பிறகு நம் ஈரலே அதை மாற்றிக் கூர் தீட்டிக் கொடுக்கிறது. அதனால்தான் காலையில் தெறித்தவனுக்கு மத்தியானம் கண் இருட்டுகிறது. "ரெண்டு மணி நேரமாச்சு, ஒன்னும் பண்ணலையே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

24 ஜூன் 2024

தப்பு. ஃபியூரடானை அந்த வரிசையில் சேர்த்திருக்கக் கூடாது. அது கார்பமேட் என்ற வேறு ஜாதி. அதுவும் அதே நொதியைத்தான் பிடிக்கும், ஆனால் பிடியைத் தானே சில மணி நேரத்தில் தளர்த்திவிடும். வரிசையில் மற்ற மூன்றும் ஆர்கனோபாஸ்பேட் ஜாதி, அவை விடாது. சுட்டிக்காட்டிய பாலக்காட்டு அக்காவுக்கு நன்றி எல்லாம் சொல்லப் போவதில்லை, மூன்று ஆச்சரியக்குறி போட்டுத் திட்டியிருக்கிறார்.

ஃபியூரடான் என்றதும் ஒரு ஞாபகம். 2011-இல் கேரளத்தில் அதையும் இன்னும் பல கொடிய மருந்துகளையும் தடை செய்தார்கள். தமிழ்நாட்டுப் பக்கக் கடைகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். அப்புறம் என்ன, ஆட்கள் ஏறுகிற ஜீப்பிலேயே தவிட்டு மூட்டைக்கு அடியில் அதுவும் ஏறியது. மேலே பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சட்டம் செக்போஸ்ட்டில் நின்றுகொண்டிருக்கும்.

7 ஜூலை 2024

ஜீப் என்றதும் அம்மா.

எங்கள் அம்மா பதினேழு வருஷம் ஏலக்காய் எடுக்கப் போனார். விடியற்காலை நாலரைக்குத் தெருமுனையில் நின்றால், பத்துப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் பதினெட்டுப் பேர். ஏலச்செடிக்குக் காய் தலையில் காய்க்காது, அடியில் தரையோடு படுத்த சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குத்துக்கால் வைத்து, இலைக்கடியில் தலையை நுழைத்து, பழுத்த காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். முந்தின நாள் அடித்த மருந்து இலை நுனியில் பனியோடு சேர்ந்து சொட்டும். அது விழுவது பிடரியில். சேலை முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொள்வார்கள், அது நனைந்து கழுத்தில் ஒட்டிக் கிடக்கும்.

நெற்றி, தலை, தொடையிடுக்கு. முன்னங்கையைவிட இந்த இடங்களில் தோல் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். ஈரமும் வியர்வையும் சேர்ந்தால் இன்னும் மோசம். மூக்கில் துண்டு கட்டிவிட்டால் போதும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நனைந்த துண்டு மருந்தை முகத்தில் வைத்துக் கட்டிய பத்து. ஓட்டைக் கையுறையும் அப்படித்தான்.

நான் மருந்தடித்துவிட்டு வரும் கைலியை அம்மாதான் துவைப்பார். தம்பியின் பள்ளிக்கூடச் சட்டையோடு சேர்த்து, ஒரே வாளியில். இதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. துணியைத் தனியாக, சோப்புப் போட்டு, கையில் ரப்பர் உறையோடு துவைக்க வேண்டும் என்று எந்த டப்பாவிலும் படித்த ஞாபகம் இல்லை. படித்திருந்தாலும் எழுத்து எறும்பு சைஸ்.

"வேலை முடிந்து ஒரு குவார்ட்டர் போட்டால் மருந்து முறியும்" என்பது ஆண்கள் வைத்தியம். "பால் குடி" என்பது பெண்கள் வைத்தியம். தோல் வழியே போனதைப் பால் எப்படித் தேடிப் பிடிக்கும்? துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தலையோடு குளிக்க வேண்டும், ஆளையும் டப்பாவையும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டும். அந்த இரண்டாவது ஜீப் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

8 ஜூலை 2024

மஞ்சள் முக்கோணம் போட்டிருந்தால் லேசான மருந்துதானே என்று ஒரு சேட்டன் கேட்கிறார். தோட்டத்தில் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், மஞ்சள் என்றால் மங்களம் என்று நினைப்பு. வரிசை இது: சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. குளோர்பைரிபாஸ் மஞ்சள். எலிக்கு வாய்வழி ஒரே தடவை கொடுத்தால், பாதி எலி சாக எவ்வளவு வேண்டும் என்பதை வைத்துப் போட்ட நிறம். மஞ்சள் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 51 முதல் 500 மில்லிகிராம். பதினேழு வருஷம் பிடரியில் சொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு முக்கோணத்தில் நிறம் இல்லை.

21 ஜூலை 2024

ஜூன் 11 கணக்கைத் திரும்பப் படித்தேன். எண் சரி, தொனி சரியில்லை.

நான் சொன்ன அந்த 0.01, கோலினெஸ்டரேஸ் எவ்வளவு அடங்குகிறது என்பதை வைத்துப் போட்ட அளவு. பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுவது அதற்கும் கீழே நடக்குமா என்பது வேறு கேள்வி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2019-இல் இதைத்தான் கிளப்பி, குளோர்பைரிபாஸுக்கு இவ்வளவு வரை பத்திரம் என்று ஒரு கோடு போடவே முடியாது என்றது. அடுத்த வருஷம் அங்கே உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை.

கலிபோர்னியாவில் சாலினாஸ் என்று ஒரு பள்ளத்தாக்கு, நம் கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி காய்கறிச் சீமை. தோட்ட வேலைக் குடும்பங்களில் கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் கழிவை அளந்து, பிறந்த பிள்ளைகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். 2011-இல் வந்த முடிவு: அதிக அளவு இருந்த தாய்மாரின் பிள்ளைகள், குறைந்த அளவு இருந்தவர்களின் பிள்ளைகளைவிட ஏழு வயதில் அறிவுத்திறன் சோதனையில் ஏழு புள்ளி பின்னால் இருந்தார்கள்.

அதனால் கோவைக்காரரே, ஏலக்காய்ப் பால் பற்றிய என் பதில் இன்னும் "பயப்பட வேண்டாம்" என்பதுதான். ஆனால் தோலை எறிந்துவிட்டு ஏலரிசியை மட்டும் தட்டிப் போடுங்கள். மேலே தெளிக்கிற மருந்தில் பெரும்பங்கு தோலில்தான் நிற்கும். தண்ணீரில் அலசினால் போகாது, எண்ணெயில் கரைகிற ஜாதி அது.

எங்கள் ஜீப்பில் கர்ப்பிணிகளும் வந்தார்கள். ஏழாம் மாதம் வரை வருவார்கள். தரையோடு உட்கார முடியாமல் போகிற வரைக்கும்.

18 ஆகஸ்ட் 2024

சபரிமலைப் பிரசாதமான அரவணைப் பாயசம் பற்றி ஆறு பேர் கேட்டாகிவிட்டது. நடந்தது இது. அதில் போட்ட ஏலக்காயில் அளவுக்கு மேல் பூச்சிமருந்து இருப்பதாகச் சோதனையில் வந்து, 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சம் டின்னுக்கு மேல் சன்னிதானத்திலேயே தேங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024-இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. அதற்குள் பாயசம் பழசாகிவிட்டது.

என் கடையில் அந்த மாதம் மாலை போட்ட சாமிமார் எல்லோரும் ஏலக்காயை முகர்ந்து பார்த்தார்கள். முகர்ந்து என்ன கண்டார்களோ. முகர்ந்துவிட்டு, "இதைவிடப் பச்சையா இருக்கா?" என்றார்கள்.

இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஏலக்காட்டில் இலைப்பேன் என்று ஒரு பூச்சி உண்டு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பிஞ்சின் தோலைச் சுரண்டிச் சாறு குடிக்கும். காய் பெரிதாகும்போது அந்த இடம் சொறி பிடித்து, பழுப்பாக நிற்கும். சொறிக் காய் என்போம். உள்ளே அரிசி அப்படியே இருக்கும், மணமும் இருக்கும். ஆனால் புற்றடி ஏலக்கூடத்தில் காயை ஏலம் விடும்போது சொறி இருந்தால் விலை சரிந்துவிடும். வழவழவென்று பச்சையாக, 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய்க்குத்தான் ராஜ மரியாதை. அந்த வழவழப்புக்காகத் தோட்டக்காரர் பூச்சி இருக்கிறதோ இல்லையோ, மாதம் தவறாமல் அடிக்கிறார். சிலர் இருபது நாளைக்கு ஒரு தடவை. நான் மடியில் கவிழ்த்துக்கொண்டது உங்கள் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டிய ஒரு காய்க்காக.

என் கண்ணுக்கும்தான். கடையில் முன்வரிசையில் நான் வைத்திருப்பது எது என்று நினைக்கிறீர்கள்?

20 ஆகஸ்ட் 2024

உடும்பன்சோலையில் நாலு ஏக்கர் வைத்திருக்கிற ஒருவர் போனில் பிடித்துக் கிழித்துவிட்டார். "சொறிக் காய்ல அரிசி அப்படியே இருக்குமா? லேசாச் சொறி இருந்தா சரி. நல்லாப் பிடிச்ச காயை உடைச்சுப் பாத்திருக்கியா? அரிசி சூம்பிக் கிடக்கும், மணமும் செத்துரும். அது மட்டுமா, தண்டு துளைக்கிற புழுவுக்கு அடிக்காம விட்டா செடியே போயிரும். இந்தக் கோடையில கருகினது போக மிச்சம் இருக்கிறதை நான் எதை வச்சுக் காப்பாத்துறது?"

கடைக்குப் போய் முப்பது சொறிக் காயை உடைத்துப் பார்த்தேன். லேசான சொறியில் அரிசி கருப்பாகக் கொழுத்திருந்தது. முழுக்கச் சொறி பிடித்ததில் ஏழெட்டு, உள்ளே பாதி காலி. அவர் சொன்னதும் சரி. நான் சொன்னது பாதிதான் சரி.

1 செப்டம்பர் 2024

"அவ்வளவு ஆபத்து என்றால் அரசாங்கம் ஏன் விடுகிறது" என்பவர்களுக்கு ஒரு பழங்கதை. 1958-இல் கேரளத்தில் கோதுமை மாவில் பாரத்தியான் கலந்துவிட்டது. கிராமத்தில் பாலிடால் என்றால் எல்லோருக்கும் தெரியும், அதுதான். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். விசாரணைக் குழு, அறிக்கை எல்லாம் முடிந்து பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது 1968-இல், விதிகள் 1971-இல். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது இருபது வருஷத்துக்கு மேல். உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க நிறுத்தியது 2011-இல். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் கொடு என்று அதே நீதிமன்றம் உத்தரவு போட்டது 2017-இல்.

விடுகிறது என்று இல்லை. பின்னால் நடந்து வருகிறது.

22 செப்டம்பர் 2024

சித்தி மகன் இன்னும் மருந்தடிக்கிறான். முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள். மே மாதம், சீசனுக்கு முன், இழுத்துப் போய் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் பார்க்க வைத்தேன். 9,400. போன வாரம் மறுபடி. 5,900.

லேப் சீட்டில் "நார்மல்" என்று அடித்திருந்தார்கள். ஓரத்தில் போட்டிருக்கும் வரம்பு 5,300-இல் ஆரம்பிக்கிறது. அவன் சிரித்தான். "பாத்தியாண்ணே, நார்மல்." மே மாதச் சீட்டு என் பையில் இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன். அவனுடைய சொந்தக் கணக்கில் இது 63 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. கலிபோர்னியாவில் மருந்தடிக்கிறவர்களுக்கு விதியே இப்படித்தான்: முதலில் சீசனுக்கு முன் அளவு. அதில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வேலை செய்கிற முறையைச் சோதிக்க வேண்டும். பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், பார்த்த அளவு 60 சதவீதத்துக்கு இறங்கினால் ஆளை மருந்துப் பக்கமே விடக்கூடாது, 80-க்கு ஏறும் வரை.

ஆளுக்கு ஆள் இந்த அளவு அவ்வளவு மாறும். அதனால் ஒரு சீட்டு மட்டும் கையில் இருந்தால் அது எதையும் சொல்லாது. இரண்டாவது சீட்டுதான் பேசும். பரிசோதனைக்கு ஆன காசு அவனுடைய ஒரு நாள் கூலியைவிடக் குறைவு. பதினாறு வருஷத்துக்கு முன் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அவனுக்கு அறிகுறி ஏதும் இல்லையா என்று டீச்சரம்மா கேட்டார். "சாயந்திரம் தலைவலி, அது எல்லாருக்கும் இருக்கும்" என்கிறான்.

23 செப்டம்பர் 2024

ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிய பிறகும் ஆள் மோசமாகுமா என்று கேள்வி. ஆகும். ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் கழுத்துச் சதையும் மூச்சுச் சதையும் தளர்ந்துபோகிற நிலை ஒன்று உண்டு. 1987-இல் இலங்கை டாக்டர்கள் இருவர் எழுதி வைத்த பிறகுதான் உலகத்துக்கு அதற்கு ஒரு பெயர் கிடைத்தது. என்னையும் தினம் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்து வேகமாகத் தூக்கிக் காட்டினேன்.

13 அக்டோபர் 2024

இழை எங்கேயோ போய்விட்டது. "தமிழ்நாட்டுக் காய்கறி எல்லாம் விஷம்" என்று ஒரு சேட்டனும், "அப்ப ஏலக்காய் என்ன அமிர்தமா" என்று ஒரு தேனிக்காரரும் இரண்டு நாளாக அடித்துக்கொள்கிறார்கள். 2015-இல் இது பெரிய சண்டையாகவே நடந்தது, வெள்ளாயணி வேளாண் கல்லூரிச் சோதனைச்சாலை முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு லாரிகளை நிறுத்தப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் இந்தச் சண்டை நடக்காது. கம்பத்தில் திராட்சைக்கு மருந்தடிப்பவனும் மேலே ஏலத்துக்கு மருந்தடிப்பவனும் ஒரே சித்தி மகன்தான். சீசன் மாறும்போது ஓஸை மட்டும் மாற்றுகிறான்.

24 நவம்பர் 2024

ஆறு வாரம் மருந்துப் பக்கம் போகாமல் ஸ்டோரில் காய் உலர்த்துகிற வேலை பார்த்தான், கூலி குறைவு. மூன்றாவது சீட்டு: 8,300. 88 சதவீதம். தலைவலி இல்லை என்கிறான். சித்தி நம்பவில்லை, மாரியம்மனுக்கு நேர்ந்தது பலித்தது என்கிறார். இரண்டுக்கும் சண்டை இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடி போகிறானாம். ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கலக்குவதற்கு நீளக் குச்சி, மாற்றிக் கட்ட இரண்டு கைலி, ஒரு கட்டிச் சோப்பு. கைலியைத் தனி வாளியில் துவைக்கச் சொல்லி மதினியிடம் பேசியாயிற்று.

1 டிசம்பர் 2024

கடையில் முன்வரிசையில் ஒரு தட்டு லேசான சொறிக் காய் வைத்தேன், கிலோவுக்கு முந்நூறு ரூபாய் குறைத்து. பத்து நாளில் கேட்டவர் மூன்று பேர். ஒருவர் "வீணாப்போன சரக்கா?" என்றார். ஒருவர் படம் எடுத்துக்கொண்டு போனார். மூன்றாமவர், அடிமாலிப் பக்கத்து வயதான சேச்சி, ஒரு காயை நகத்தால் பிளந்து அரிசியை வாயில் போட்டு மென்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் அரைக் கிலோ கட்டச் சொன்னார்.

3 டிசம்பர் 2024

கோவைக்காரர் தனிச் செய்தியில் அதே தட்டிலிருந்து கால் கிலோ கேட்டிருக்கிறார். கட்டி வைத்துவிட்டேன். வந்ததும் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.